வீட்டு நாடாவும் பொதுவுடைமையும்

மன்னரின் பட்டயம் மட்டுமே வரலாற்றுச் சான்றன்று. சாதாரண மக்கள் தம் வீட்டுத் திருமணத்தையும் குழந்தையின் மழலையையும் பதிந்துவைத்த வீடியோ நாடாவும் சான்றே.

1976இல் யப்பானில் ஜே.வி.சி. கொம்பனி வி.எச்.எஸ். முறையை விற்பனைக்கு விட்டது. 1980களில் கையில் ஏந்தும் வீடியோ கமரா வந்ததும், வசதி படைத்தோர்க்கே பெரும்பாலும் எட்டிய அசையும் படம் நடுத்தரக் குடும்பங்களின் வசமும் ஆயிற்று. ஆனால் சந்தை கொடுத்ததைச் சந்தையே பறித்தது. இலாபம் குன்றவே உற்பத்தி ஓய்ந்தது. 2016 யூலையில் யப்பானின் பூனாய் கொம்பனியும் இக்கருவி செய்வதை நிறுத்திவிட்டது.

நாடாவோ காத்திராது. காந்தத் துகள்களைப் பிணைக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. எஞ்சிய நாடாவையும் ஓட்டுதற்குக் கருவி வேண்டுமே!

எண்முறைக்கு மாற்றும் வேலை கடினமானதன்று. பழைய ஓட்டுகருவி, சமிக்ஞையை எண்களாக்கும் சிறு கருவி, கணினி ஆகிய மூன்றும் போதும். எனினும் இரண்டு மணி நேர நாடாவை மாற்ற இரண்டு மணி நேரம் ஓடவிட்டே ஆகவேண்டும். கடைக்காரர் கேட்கும் கூலியில் இந்த நேரத்தின் விலையும் அடங்கியுள்ளது. பத்து நாடா வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் என் செய்யும்?

இதற்கு விடை கூட்டுடைமையே. வாஷிங்டன் நகரப் பொது நூலகம் 2016இல் இதற்கென ஓர் அறையைத் திறந்து, மக்கள் தாமே இலவசமாக நாடாக்களை மாற்றிக்கொள்ள வழிசெய்தது. கருவி பொதுவுடைமை, உழைப்பு அவரவருடையது. நம் வாசிகசாலைகளும் பாடசாலைகளும் இதனைச் செய்தல் கூடும். செய்யத் தவறின், பணம் படைத்தோரின் நினைவுகளே எஞ்சும். நாளைய வரலாற்றாசிரியன் அரைச் சமுதாயத்தையே காண்பான்.