பயிர்க்காவலும் நாட்டுத் துப்பாக்கியும்

அஞ்செட்டி மலைக் காடுகளின் ஓரத்திலுள்ள பிலிகுண்டுலுவில்தான் காவிரி தமிழகத்தைத் தொடுகிறது. இப்பகுதியில் கேழ்வரகு கதிர் முற்றும் நாள்களில் உழவருக்கு உறக்கம் இல்லை. இருள் சூழ்ந்ததும் யானையும் காட்டுப்பன்றியும் வயலில் இறங்கும். தீ மூட்டியும் தகரம் தட்டியும் விடியும்வரை காவல் இருப்பார்கள். அந்தப் பரணில் நாட்டுத் துப்பாக்கியும் துணையிருந்த காலம் உண்டு.

குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நீண்ட கோலால் கெட்டித்து, ஈயக் குண்டுகளை இட்டுச் சுடும் பழைய கருவி அது. ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு, எஞ்சியது கரியும் கந்தகமும்: இதுவே கரிமருந்து. ஒருமுறை சுட்டால் மீண்டும் முதலிலிருந்து மருந்திட வேண்டும். இத்துணை எளிய கருவியை யார் வைத்திருக்கலாம் என்ற வினாவுக்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது.

பாளையக்காரர் போர் ஓய்ந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த அறிவிப்பு தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஆட்சியாளரின் அச்சத்தை நாடெங்கும் பரப்பியது. லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது; ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. காந்தியடிகள் 1918-இல் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

ஆனால் இதே காவிரி பிறக்கும் குடகில் நிலைமை வேறு. குடகரின் பற்றுறுதியை மெச்சிய ஆங்கில அரசு, 1861-இல் அவர்களுக்கு விலக்கு அளித்தது. மத்திய அரசு 2019-இல் அவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆற்றின் தொடக்கத்தில் மரபுரிமையாக இருப்பது, கீழே வந்ததும் குற்றமாகிறது. அரசு யாரை நம்பியது என்பதே இவ்வேறுபாட்டின் வேர் என்று நமக்குத் தோன்றுகிறது.

விடுதலை பெற்ற இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உழவரை மறக்கவில்லை. உண்மையாகவே பயிரைக் காப்பதற்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைக் கேட்பவருக்கு, மறுக்கத் தக்க காரணம் இல்லையெனில், உரிமம் வழங்கவேண்டும் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. ஆயின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்றது. 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்குச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அமைந்தபின், இவ்விதி அஞ்செட்டி உழவரின் வாயிற்படிக்கே வந்துவிட்டது. உரிமமற்ற துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுமாறு இப்பகுதி மக்களை வனத்துறையும் காவல்துறையும் அழைத்திருக்கின்றன.

துப்பாக்கி போவதற்காக நாம் வருந்தவில்லை. இருளில் சுடப்படும் குண்டு யானை எது, மனிதன் யார் என்று பார்ப்பதில்லை. ஆனால் கருவியை வாங்கிக்கொள்வதோடு கடமை முடிந்துவிடுமா? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, நிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. அங்கே துப்பாக்கி இல்லை. பயிரைப் பற்றிய அச்சம் இருந்தது. அச்சம் நீங்காதவரை அது வேறொரு கருவியைத் தேடிக்கொள்ளும்.

எனவே, துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ளும் அரசு அந்த இரவுக்காவலின் பொறுப்பையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது. அகழியும், உறுதியான வேலியும், காலந்தாழ்த்தாத இழப்பீடும் சலுகைகள் அல்ல. ஏழை உழவர் நம்பி ஒப்படைத்ததற்கு ஈடாகத் தரவேண்டிய கடன். அன்று ஆண்டவர்கள் மக்களை நம்பாமல் ஆயுதத்தைப் பறித்தார்கள். இன்று அதைக் கேட்பவர்கள், மக்கள் தங்களை நம்பும்படி நடந்துகொள்ளட்டும். அப்போதுதான் பரணில் விழித்திருப்பவர் நிம்மதியாக உறங்குவார். யானையும் அஞ்சாமல் காட்டுக்குத் திரும்பும்.