சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நோய் ஆதரவு சிகிச்சை

நோய் ஆதரவு சிகிச்சை (நோய்த்தணிப்புப் பேணல்) என்பது கடும் நோய்களால் வருந்துவோரின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண் முதலிய துன்பங்களைக் குறைத்து, நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் மனத்தளவிலும் துணை நிற்கும் மருத்துவ முறை ஆகும். தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பெரிய மருத்துவமனைகள் சமவெளி நகரங்களில் அமைந்துள்ளன. எனவே மலைவாழ் பழங்குடியினருக்கும் ஊரகத் தொழிலாளருக்கும் இச்சிகிச்சையை வீட்டிற்கே கொண்டுசெல்வது இன்றியமையாததாகிறது.

தேவை

இது இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. நோயைக் குணப்படுத்தும் மருத்துவத்துடன் சேர்த்தே தொடங்கலாம். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் ஆகியவற்றால் அவதியுறுவோருக்கு இது பயன்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 5.68 கோடிப் பேருக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறது. தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர்.

நிலமும் மக்களும்

நாமக்கல் மாவட்டம் 1997 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை ஆகியவற்றில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இப்பெயர் மலையைக் குறிப்பதாகும், கேரளத்தவரைக் குறிப்பதன்று. இவர்கள் பேசுவது தமிழ். ஆகவே இங்கு மொழியைவிடத் தொலைவும் செலவுமே பெருந்தடைகள்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவருக்கு வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் வலியைக் கூட்டும். சமவெளியிலும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளின் விசைத்தறித் தொழிலாளர் போன்றோர் அன்றாடக் கூலியை நம்பி வாழ்கின்றனர். நோயாளியுடன் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி இல்லாமற் போகிறது. "இனி மருத்துவம் இல்லை" எனக் கூறி வீட்டிற்கு அனுப்பப்படும் நோயாளி, வலிக்கும் மருந்தில்லை என எண்ணிவிடும் நிலையும் உண்டு.

வலி நிவாரண மருந்துகள்

கடும் வலிக்கு அடிப்படை மருந்து, வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபின் ஆகும். இதற்கு ஊசி தேவையில்லை என்பதால் வீட்டிலேயே கொடுக்க இயலும். சாதாரண மாத்திரையின் விளைவு சுமார் 4 மணி நேரமே நீடிப்பதால், மருந்து தீர்ந்தால் அன்றே வலி திரும்பும். மருத்துவரின் கண்காணிப்பில் வலிக்கேற்ற அளவில் கொடுக்கும்போது அடிமையாகும் வாய்ப்பு குறைவு. மலச்சிக்கல் பொதுவான பக்கவிளைவு. அதற்கும் உடன் மருந்து தரப்படுகிறது.

1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மருத்துவமனைகள் பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. இதனால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014 ஆம் ஆண்டுத் திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இம்மருந்தை இருப்பு வைத்து வழங்க நாடு முழுவதற்கும் ஒரே எளிய நடைமுறையை ஏற்படுத்தியது.

கேரள முன்மாதிரி

1993 ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், உள்ளூர்த் தன்னார்வலருக்குப் பயிற்சியளித்து வீட்டுப் பராமரிப்பைப் பரப்பியது. கேரள அரசு 2008 ஆம் ஆண்டு இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு உள்ளாட்சி அமைப்புகளை ஈடுபடுத்தியது. செவிலியர் வீடு தேடிச் செல்வதும் அண்டை வீட்டார் துணை நிற்பதும் இம்முறையின் அடித்தளம்.

மக்களைத் தேடி மருத்துவம்

தமிழ்நாடு அரசின் இத்திட்டம் 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 1965 வரை அப்பகுதி பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டில் சேர்ப்பதுடன், இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுவது இதன் சிறப்பு. இதற்கு ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்த் தடுப்புப் பணிக்குழு 2024 ஆம் ஆண்டு விருது வழங்கியது.

மலைப்பகுதிகளுக்கான வழிமுறைகள்

மலையூர்களுக்கு இச்சிகிச்சை தடையின்றிக் கிடைக்கப் பின்வருவன உதவும்:

* மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர், செவிலியருக்கு வலி மதிப்பீட்டில் பயிற்சி அளித்தல்.
* அடுத்த வருகை வரை போதுமான மருந்தை முன்கூட்டியே கொடுத்தல். மழைக்காலத்தில் சாலை தடைப்படுவதையும் கணக்கில் கொள்ளல்.
* புண் துடைத்தல், படுக்கையில் திருப்பிப் படுக்க வைத்தல் ஆகியவற்றைக் குடும்பத்தினருக்குக் கற்பித்தல்.
* மலையாளி மக்களிலிருந்தே தன்னார்வலரைத் தேர்ந்தெடுத்தல்.
* நோயாளி எங்கே இருக்க விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டறிதல்.

இவற்றுள் மருந்து இருப்பே முதன்மையானது. மலையடிவாரத்தில் உள்ள மருத்துவமனையில் மார்ஃபின் இருந்தும் மேலே உள்ள ஊருக்கு அது வந்து சேராவிடில், செவிலியரின் வருகையால் மட்டும் கடும் வலி தணியாது.

இவற்றையும் பார்க்க

* கொல்லிமலை
* மலையாளி (பழங்குடி)
* மார்ஃபின்
* மக்களைத் தேடி மருத்துவம்