வால்வுகள்: பழைய பெயர்களும் புதிய ஊர்களும்

ஐரோப்பிய நகரங்களின் பழஞ்சாமான் சந்தைகளில் கிருண்டிக், சாபா, பிலிப்ஸ் என்று பெயர் பொறித்த மரப்பெட்டி வானொலிகளை எம்மில் பலர் கண்டிருப்போம். பின்புற அட்டையைக் கழற்றினால் உள்ளே விரல் பருமனில் கண்ணாடிக் குழாய்கள் நிமிர்ந்து நிற்கும். ஊரில் நாம் இவற்றை வால்வு என்றே அழைத்தோம். வால்வு றேடியோ போட்டவுடன் பாடாது. சூடேறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அந்த வால்வுகள் இன்று முக்கியமாக இரண்டு இடங்களில் உயிர்வாழ்கின்றன. ஒன்று மின்கிற்றார் வாசிப்போரின் அம்பிளிபயர்கள். மற்றது வீட்டில் இருந்து இசை கேட்போரின் அம்பிளிபயர்கள். இந்த இரண்டாம் வட்டத்தாரிடையே ஓயாத ஒரு வழக்கு உண்டு. 1950களிலும் 60களிலும் செய்த பழைய வால்வு சிறந்ததா, இன்று செய்யப்படும் புதியது போதுமா? இலக்கம் ஒன்று, உருவமும் ஏறத்தாழ ஒன்று. விலையோ பல மடங்கு வேறுபடும். இது வெறுமனே காதுகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அழிந்துபோன ஒரு தொழிலின் வரலாறு இதற்குள் இருக்கிறது.

1904இல் பிரித்தானியரான ஜோன் அம்புறோஸ் பிளெமிங் இரு முனைகள் கொண்ட வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொறஸ்ற் மூன்றாவது முனையொன்றைச் சேர்த்தார். சூடான கதோட்டிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு வெற்றிடத்தினூடாக அனோட்டை நோக்கிப் பாயும். இடையிலுள்ள கம்பி வலையில் சிறு மின்னழுத்த மாற்றம் ஏற்பட்டால், அந்தப் பாய்ச்சலில் பெரும் மாற்றம் ஏற்படும். மெல்லிய சமிக்ஞை பெரிதாவது இப்படித்தான். வானொலி, தொலைபேசி, பேசும்படம், ராடர் யாவும் இந்தத் தத்துவத்தின் மீதே எழுந்தன.

வீட்டு இசையின் பொற்காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வில்லியம்சன் வெளியிட்ட அம்பிளிபயர் வரைபடம் கே.ரி. 66 என்ற வால்வைப் புகழடையச் செய்தது. 1953இல் வந்த குவாட் இரண்டாம் மாதிரியும் அதையே பயன்படுத்திற்று. முல்லார்ட் நிறுவனத்தின் ஈ.எல். 34, ஈ.எல். 84, ஈ.சி.சி. 83 ஆகியவை உலகெங்கும் பரவின. அதே 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்ரர் பிறந்துவிட்டது. வால்வின் முடிவு அதன் சிறப்பான நாட்களிலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

இங்கிலாந்தின் லங்காஷயரில், பிளாக்பேர்ன் என்ற ஊரில் முல்லார்ட் தொழிற்சாலை 1938இல் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தனர். இத்தகைய தொழிற்சாலைகளில் தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பொருத்தும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்த வால்விலும் பொறிக்கப்படவில்லை. பழைய வால்வைப் புகழ்வோர் நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார்கள். உண்மையில் புகழ்வது இந்தக் கைகளைத்தான்.

பழைய வால்வு சிறந்தது என்பதற்கு நியாயங்கள் உண்டு. கதோட்டின் நிக்கல் குழலுக்குப் பூசப்படும் பேரியம், ஸ்ரொன்சியம் ஒட்சைட்டுக் கலவையின் தூய்மை, வெற்றிடத்தின் தரம், வலைக்கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றில் தலைமுறை கடந்த அனுபவம் அன்று இருந்தது. இராணுவமும் தொலைபேசித் துறையும் கண்டிப்பான வாடிக்கையாளர்கள். 1956இல் அத்திலாந்திக்கின் அடியில் போடப்பட்ட முதலாவது தொலைபேசிக் கேபிளின் கடலடிப் பெருக்கிகளில் வால்வுகளே இருந்தன. அந்தக் கேபிள் 1978 வரை, 22 ஆண்டுகள் இயங்கிற்று. ஆனால் அவை தனிக் கவனத்துடன் செய்யப்பட்டவை. மலிவான வானொலிக்குச் செய்த வால்வையும் இவற்றையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

1970களில் தேவை வீழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் பிளாக்பேர்னில் வால்வு உற்பத்தி நின்றது. அமெரிக்காவில் புகழ்பெற்ற 300 பி வால்வைச் செய்த வெஸ்ரேர்ன் எலெக்ரிக்கின் ஆலை 1988இல் மூடப்பட்டது. சோவியத் நாடும் கிழக்கு ஐரோப்பாவும் சீனாவும் தொடர்ந்து செய்தன. 1976 செப்ரெம்பரில் சோவியத் விமானி பெலென்கோ மிக்-25 விமானத்துடன் தப்பி ஜப்பானின் ஹக்கொடாத்தேயில் இறங்கினார். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே வால்வுகளைக் கண்டு வியந்தார்கள். பின்தங்கியது என்று மேற்கு எள்ளி நகையாடிய அந்தத் தொழில்தான், பின்னர் மேற்கின் இசைப் பிரியர்களுக்கு வால்வு வழங்கிற்று.

பேர்லின் சுவர் விழுந்த பின் நடந்தவை இன்னும் சுவையானவை. செக்கோஸ்லோவாக்கியாவின் ரெஸ்லா ஆலைகளின் மரபிலிருந்து, சுலோவாக்கியாவின் சாட்சா என்ற ஊரில் ஜே.ஜே. நிறுவனம் முளைத்தது. ருஷ்யாவின் சரத்தோவ் நகரிலிருந்த பழைய ஆலை, அமெரிக்கரான மைக் மத்யூஸின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர் பழைய பெயர்களின் உரிமையையும் பெற்றார். இன்று கடையில் 'முல்லார்ட்' என்றோ 'ருங்-சொல்' என்றோ 'கோல்ட் லயன்' என்றோ எழுதிய புதிய பெட்டியை வாங்கினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் சரத்தோவில் செய்யப்பட்டது. பிளாக்பேர்னுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. இதனால் அது தரமற்றது என்று ஆகிவிடாது. ஆனால் பெயருக்குக் கொடுக்கும் பணமும் பொருளுக்குக் கொடுக்கும் பணமும் வேறு வேறு என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

பழையதிலும் பெயர் ஏமாற்றும். அன்றே நிறுவனங்கள் ஒன்றின் வால்வில் மற்றொன்றின் பெயரை அச்சிட்டு விற்றன. அச்சு எளிதில் அழியும். இன்று போலியாகவும் அச்சிடுகிறார்கள். நம்பகமான சான்று கண்ணாடியின் அடிப்பாகத்தில் பொறித்த சிறு குறியீடு. முல்லார்ட், பிலிப்ஸ் குடும்பத்தின் வால்வுகளில் அதன் இரண்டாம் வரியின் முதலெழுத்து ஆலையைச் சொல்லும்: ஆங்கில 'பி' என்றால் பிளாக்பேர்ன், முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹேர்லன். அடுத்து வருவன ஆண்டும் மாதமும் கிழமையும். ஜேர்மனியின் ரெலிபுங்கன் வால்வுகள் பலவற்றில், அடியிலே ஊசிகளின் நடுவே வைர வடிவம் வார்க்கப்பட்டிருக்கும். மேலட்டையில் எந்த ஊரின் பெயர் இருந்தாலும், பிறந்த இடம் அடியில் கிடக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வால்வின் உச்சியில் வெள்ளிபோல் மினுங்கும் பூச்சு உண்டு. எஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்காக ஆலையில் ஆவியாக்கிய பேரியம் அது. உள்ளே காற்றுப் புகுந்தால் அது வெளிறி வெண்மையாகும். அத்தகைய வால்வு எந்தப் பெரிய பெயரைத் தாங்கியிருந்தாலும் பயனற்றது. பாவிக்காத பழையது என்று விற்கப்படுபவற்றில் முன்னரே சோதித்துக் கழிக்கப்பட்டவையும் இருக்கலாம். ஆகவே அளந்து காட்டாத வியாபாரியிடம் வாங்காமலிருப்பது நல்லது.

கேட்கும்போது வேறுபாடு தெரியுமா? தெரியலாம். இரைச்சல், தட்டினால் உள்ளிருந்து எழும் ஒலி, இரு வால்வுகளுக்கிடையிலான பொருத்தம், ஆயுள் என்பவற்றை அளக்க முடியும். நல்ல பழையவை இவற்றில் பெரும்பாலும் முந்துகின்றன. ஆனால் அம்பிளிபயரின் மின்சுற்றும் வெளியீட்டு மின்மாற்றியும் ஒலிபெருக்கியும் தரும் வேறுபாடு இதனினும் பெரிது. நல்ல புதிய வால்வோடு நிறைவாக இசை கேட்கலாம் என்பதே எமது கருத்து.

2022 மார்ச்சில், உக்ரேன் போரைத் தொடர்ந்து ருஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது வால்வும் அதில் அகப்பட்டது. உலகிற்குப் புதிய வால்வு தந்தது பெரும்பாலும் ருஷ்யாவும் சுலோவாக்கியாவும் சீனாவும்தான். விலை ஏறிற்று, கடைகள் வெறுமையாயின. பின்னர் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது. ஒரு தொழிலைத் தன் மண்ணில் கைவிட்ட நாடுகள், அது எஞ்சியிருந்த சில ஆலைகளின் கதவைப் பார்த்து நிற்கவேண்டி வந்தது.

வால்வின் மீது இத்தனை பரிவு காட்டினாலும், திரான்சிஸ்ரரைப் பழிக்க எம்மால் முடியாது. 1990 ஜூனுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள் எம்மவர்கள். அந்தச் சிறு மின்சாரம் திரான்சிஸ்ரருக்குப் போதும்; வால்வு றேடியோவின் சூடாக்கிகளுக்கும், நூற்றுக்கு மேற்பட்ட வோல்ற் அழுத்தத்திற்கும் அது எங்கே போதும்? வால்வை அழித்த அதே கண்டுபிடிப்புத்தான் செய்தியை இருட்டுக்குள் கொண்டுவந்தது. அயலவர் யார் உயிரோடு இருக்கிறார், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறியக் காத்திருந்தவர்களுக்கு ஒலியின் இனிமை ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

ஆகவே பழையது எல்லாம் பொன் என்று சொல்ல நாம் வரவில்லை. இழந்தது எது என்பதைத் திட்டமாக அறிந்துகொள்ளவே முயன்றோம். பொருள்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன; பெயர்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பூச்சின் பக்குவத்தையும் வலையின் இழுவையையும் அறிந்த கைகள் ஓய்ந்தபோது, அந்த அறிவை முழுமையாக எழுதி வைத்தவர் இல்லை. சரத்தோவிலும் சாட்சாவிலும் இன்று வேலை செய்பவர்கள் அதை மீண்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் வால்வு பழையதற்கு ஈடாகவில்லை என்று குறைகூறும் முன், அதை அவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.