நெல் தரிசு உளுந்து

காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல்லை அடுத்து, நிலத்தை உழாமலும் நீர் பாய்ச்சாமலும் விளைவிக்கப்படும் பயறு சாகுபடி நெல் தரிசு உளுந்து எனப்படும். உளுந்தோடு பச்சைப்பயறும் இம்முறையில் விளைகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இது பரவலாக உண்டு. மண்ணைக் கிளறாமல் விதைத்தல், நிலத்தின் மேல் மூடாக்கு விடுதல், பயிரை மாற்றிச் செய்தல் ஆகிய மூன்றும் பாதுகாப்பு வேளாண்மையின் அடிப்படைகள். 1930களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியைப் புழுதிப்புயல் பாழாக்கிய பிறகே அங்கே கலப்பையின் மீது பெரிய அளவில் ஐயம் எழுந்தது. டெல்டாவிலோ பயறுக்கு உழாமல் விடுவது பழைய வழக்கம்.

பதமும் விதைப்பும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். பிறகு பயிருக்கு மிஞ்சுவது மண்ணில் தங்கிய ஈரமும் தை, மாசிப் பனியுமே. நெல் நின்ற களிமண்ணை உழுதால் பாளம் பாளமாகப் பெயர்ந்து, இருக்கும் ஈரமும் போய்விடும், நாளும் வீணாகும். ஆகவே அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பே, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளிக்கிறார்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் விதை அழுகும். பதம் தப்பினால் முளைக்காது. சாகுபடியின் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு இந்தச் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது.

விதை மண்ணுக்கு மேலேயே கிடப்பதால் சேதம் அதிகம். இறவைப் பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ போதும் என்றால், இங்கே 10 முதல் 12 கிலோ வேண்டும். சதுர மீட்டருக்கு 33 செடி நின்றால் நல்ல பயிர். விதையோடு ரைசோபியம் கலப்பது வேர்முடிச்சுக்கு உதவும். அடியுரம் இட வழியில்லாததால், பூக்கும்போது ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டிஏபி கரைசலை இலைமேல் தெளிப்பார்கள். ஆடுதுறை 3 இம்முறைக்கு ஏற்ற உளுந்து ரகம்.

களை

உழாத நிலத்தின் கடினமான சிக்கல் களைதான். உழவு நின்றால் ஆழத்தில் புதைந்த களைவிதைகள் மேலே வராது; அது நன்மை. ஆனால் கோரை, அருகு போன்ற கிழங்கும் வேர்த்தண்டும் உள்ள பல்லாண்டுக் களைகளைத் தொந்தரவு செய்ய ஆளில்லை. நெல்வயல் புற்களும் தொடர்ந்து வருகின்றன. அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் நெல்லே இங்கே ஒரு களை. உளுந்துக்கு வேண்டிய ஈரத்தை அது குடித்துவிடும். தாளைத் தரையோடு ஒட்ட அறுப்பது இதைக் கொஞ்சம் குறைக்கும்.

ஆந்திரத்தின் கிருஷ்ணா படுகையிலும் இதே சாகுபடி உண்டு. அங்கே அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் கொடி உளுந்தைச் சுற்றி உறிஞ்சிப் பெருஞ்சேதம் செய்கிறது. இக்கொடி நெல்லைப் பற்றி வளர்வதில்லை. ஆயினும் அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், ஒரு போக நெல் அதை ஒழித்துவிடாது. விதையைச் சல்லடையில் சுத்தம் செய்வதும், கொடி பூக்கும் முன் பற்றிய செடியோடு அகற்றுவதும்தான் நம்பகமான வழி.

விதைத்த 15 முதல் 20 நாளில் புல்லுக்கு குயிசலோபாப் ஈத்தைல், அகன்ற இலைக் களையும் கலந்திருந்தால் இமாசெத்தாபைர் தெளிப்பது பரிந்துரை. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் அதைத் தாங்கும் களைகளே பெருகும் என்பதை மறக்கலாகாது.

மூடாக்கு

அறுவடை இயந்திரம் வந்தபின் இம்முறை தடுமாறுகிறது. முளைத்த உளுந்து சக்கரத்தில் நசுங்குகிறது. ஈரவயலில் தடம் பள்ளமாகிறது. அதனால் இயந்திரம் வருவதற்குச் சற்று முன்னரோ, அறுத்த பின்னரோ விதைப்போர் உண்டு. வைக்கோலோ கட்டுக்கட்டாகத் தீவனத்துக்கு விற்பனையாகிறது. மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பங்கையாவது வயலில் மெல்லியதாகப் பரப்பி விடுவது நல்லது. வெளிச்சம் மறைவதால் களைவிதைகள் பல முளைக்காது; மண் வெடிப்பதும் ஈரம் ஆவியாவதும் மெதுவாகும். தடித்த குவியலாகக் கிடந்தால் மட்டும் உளுந்தின் முளையும் வெளிறிச் சாகும். வைக்கோலில் தழைச்சத்து குறைவு. மண்ணுக்குள் புரட்டினால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தச் சிக்கல் குறைவு.

உளுந்து 65 முதல் 75 நாளில் முதிரும். செடியைப் பிடுங்காமல் அரிவாளால் அறுத்தால், வேரும் முடிச்சும் அடுத்த நெல்லுக்காக மண்ணிலேயே தங்கும்.