நாற்காலிக் கம்பெனியின் இசைத்தட்டு

அமெரிக்க ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் பாட்டை முதல் தடவை கேட்பவர்கள், "மழையில் உட்கார்ந்து பாடினாரா?" என்பார்கள். தட்டில் கேட்கும் அந்த இரைச்சலைப் பழமையின் அழகு என்று ரசிப்பவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அது கஞ்சத்தனத்தின் சத்தம்.

அவரைப் பதிவு செய்த பாராமவுண்ட் இசைத்தட்டு நிறுவனம், விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனி ஒன்றின் கிளை. கிராமபோன் பெட்டி செய்தவர்கள், பெட்டி விற்கத் தட்டும் வேண்டுமே என்று இதில் இறங்கினார்கள். கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசை போட்டு, மட்டமான கலவையில் தட்டு அடித்தார்கள். (தட்டுக்கான அரக்கில் பெரும்பங்கு அப்போது இந்தியாவிலிருந்துதான் போயிற்று, அதற்குக் காசு செலவழிக்க மனம் வரவில்லை போலும்.)

பேட்டன் மிசிசிப்பியின் டாக்கரி பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். சனிக்கிழமை இரவுகளில் கூலியாட்களை ஆடவைப்பது அவர் பிழைப்பு. கிதாரைத் தலைக்குப் பின்னால் பிடித்து வாசிப்பார், அதன் உடம்பிலேயே தாளம் தட்டுவார். கூட வாசித்த சன் ஹவுஸுக்கு இந்தக் கோமாளித்தனம் பிடிக்காது. வாரமெல்லாம் குனிந்து பருத்தி எடுத்தவர்களுக்குப் பிடித்தது. நான் அவர்கள் கட்சி.

ஜாக்சன் நகரக் கடைக்காரர் எச்.சி. ஸ்பியர் சிபாரிசில், 1929 ஜூன் 14 அன்று, இண்டியானாவின் ரிச்மண்டில் ஒரே நாளில் பேட்டனின் 14 பாட்டுகள் பதிவாயின. ஒரு தட்டில் பெயரை மறைத்து 'முகமூடி வித்தகர்' என்று அச்சிட்டார்கள். ஆள் யாரென்று கண்டுபிடித்தால் ஒரு தட்டு இலவசம்!

அவர் பாடியதில் பெரியது 'ஹை வாட்டர் எவ்ரிவேர்'. 1927 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்து வந்த வெள்ளத்தைப் பற்றியது. கிரீன்வில்லில் கறுப்பின மக்களைக் கரைமேட்டிலேயே காவல் போட்டு நிறுத்தி வேலை வாங்கினார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். இந்த வெள்ளத்துக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது. லேலண்ட், கிரீன்வில், ரோஸ்டேல் என்று ஊர் ஊராகத் தண்ணீர் துரத்த ஓடுகிறது பாட்டு. தொண்டை கிழியக் கத்துகிறார். பாதிச் சொற்கள் இரைச்சலில் போய்விடுகின்றன.

1934 ஏப்ரல் 28 அன்று இதய நோயால் இறந்தார். ஹோலி ரிட்ஜில் அவருக்குக் கல்லறைக் கல் வந்தது 1991-இல், பாடகர் ஜான் ஃபோகர்ட்டி கொடுத்த பணத்தில். பாராமவுண்டின் மூல உலோக அச்சுகள் பழைய இரும்புக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். ஆகவே இனிமேலும் தெளிவான பதிவு கிடைக்கப்போவதில்லை.

அந்தத் தொண்டையின் பலம் என்ன என்று கேட்பவர்களுக்கு, பேட்டனிடம் கிதார் கற்ற ஹவுலின் உல்ஃப் சிகாகோவில் பாடிய 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்'கைப் போட்டுக் காட்டுகிறேன். 1956-இல் வந்த தட்டு. ஒரு மூச்சுகூடத் தவறாமல் கேட்கும்.