காயலான் கடைக்கு வந்த தெர்மாமீட்டர்

திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூர் சிட்கோவோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டோ, தொழிற்பேட்டை எதுவானாலும் வெளியே போகும் சரக்குக்கு பில் உண்டு, போய்ச் சேரும் முகவரி உண்டு. கழிவு எங்கே போகிறது என்று கேட்பவர்தான் குறைவு. விடாமல் கேட்டால் என்னவெல்லாம் வெளிவரும் என்பதற்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டரின் கதையே போதும்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். பிறகு அது யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போய், ஹிந்துஸ்தான் லீவர் ஆலையானது. கடல் கடந்து வந்த பாதரசம் மலையேறியது. மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அதை நிரப்பி, சூடேற்றி, அளவு குறித்தார்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். காய்ச்சல் பார்க்கும் அந்தக் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே கப்பலேறின.

தேறியவை கப்பலேறின, உடைந்தவை எங்கே போயின? 2001 மார்ச்சில் விடை கிடைத்தது. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில், கிழிந்த சாக்குகளிலிருந்து கண்ணாடித் தூள் சிந்திக் கிடந்தது; அதனூடே பாதரசம். பாதரசம் கலந்த அந்தக் கண்ணாடிக் கழிவு மொத்தம் 7.4 டன். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் பொருள் பாதரசம். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். உள்ளூர் மக்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பும் இதை அம்பலப்படுத்த, அந்த மாதமே ஆலை மூடப்பட்டது.

வழக்கமாகச் செய்தி இத்தோடு முடிந்திருக்கும். நித்யானந்த் ஜெயராமன் போன்ற செய்தியாளர்கள் முடியவிடவில்லை. சாக்கைத் தொடர்ந்து போனவர்கள், அந்தப் பாதரசத்தைக் கையாண்ட தொழிலாளர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். போதிய பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்தோம், உடம்பு கெட்டுப்போனது என்றார்கள் தொழிலாளர்கள். பாதிப்பு ஏதும் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன என்றது நிறுவனம்.

2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. கழிவுக்கு இரண்டு வருடத்தில் வழி பிறந்தது; தொழிலாளர்களோ 2006இல் சென்னை உயர் நீதிமன்றப் படியேறிக் காத்திருந்தார்கள். 2015இல் இதைப் பற்றி சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் இணையத்தில் பரவி, விவகாரம் உலகத்தின் காதுக்கு எட்டியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்புடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் உதவி என்று அதற்குப் பெயர் வைத்தது. ஆலை மூடி அதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

புலனாய்வுச் செய்தியின் பலம் இந்தப் பிடிவாதம்தான். திருவள்ளூர் பக்கம் நிருபர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: திறப்பு விழாக்களை யாராவது எழுதிக்கொள்வார்கள். நீங்கள் கழிவு லாரியின் பின்னால் போங்கள். அது நின்ற இடத்தில், சுமை இறக்கியவரின் வீடு எது என்று விசாரியுங்கள்.