ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 12-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களை 'மிகுபகு எண்கள்' எனலாம்.

மெட்ராஸ் துறைமுகத்தில் கணக்கு எழுதிய ராமானுஜன், கேம்பிரிட்ஜ் போனபின் 1915-ல் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அதிலிருந்த பட்டியலோ 67,46,32,83,88,800 வரை போகிறது!

அதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. பேரேட்டில் ஒரு பதிவு விட்டுப்போனால் ஐந்தொகை உடனே இடிக்கும். இந்தப் பட்டியலில் எதுவும் இடிக்காது, ஏனென்றால் மற்ற எண்கள் எல்லாமே சரி. வேடிக்கை என்னவென்றால், விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள்... பட்டியலின் கடைசி எண்ணேதான் வரும்!

இந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.